பரீட்சை வேண்டாம், காலண்டர் தாள் போதும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறவர்களை, கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் "எத்தனாவது படிக்கிறான்? எழுதப் படிக்க வந்துடுச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை. அவர்களுக்காக இல்லாவிட்டாலும், அடுத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று நமக்குத் தெரிய ஒரு கணக்கு வேண்டும். அடுப்படி வேலைக்கு நடுவே, காசு செலவழிக்காமல், பிள்ளைக்குப் பரீட்சை பயம் வராமல் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளச் சில வழிகள் இதோ. எல்லாவற்றையும் செய்து அலுத்துப்போக வேண்டாம். உங்கள் வீட்டுக்குத் தோதானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் கசக்கிப் போடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தாள் எடுத்து, வெறுமையான பின்பக்கத்தில் பிள்ளையை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தேதி போட மறந்துவிட்டதே என்ற பேச்சுக்கே இடமில்லை. ராகு காலம், எமகண்டத்தோடு முன்பக்கத்தில் அச்சாகி இருக்கும்.

2. எழுதிய தாள்களை ஓட்டை போட்டு நூலில் கோத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். ஃபைல் வாங்கும் செலவு மிச்சம். புதிது மேலே வரும்படி கோத்தால், புரட்டும்போது தாளுக்குத் தாள் மாற்றம் தெரியும்.

3. நல்ல தாளாகப் பொறுக்கி வைக்கிற ஆசையை அடக்குங்கள். அடித்து எழுதியது, பாதியில் நின்றது எல்லாம் அப்படியே இருந்தால்தான் நாலு மாதம் கழித்து எது சரியாகியிருக்கிறது என்று தெரியும். அந்தத் தாளில் சிவப்பு மையால் திருத்தவும் வேண்டாம். திருத்தம் சொல்வதாக இருந்தால் வேறு தாளில்.

4. தாளின் மூலையில் ஒரு சின்னக் குறி போடுங்கள்: பார்த்து எழுதியது 'பா', நாம் சொல்லச் சொல்ல எழுதியது 'சொ', தானாக யோசித்து எழுதியது 'தா'. 'பா' தாளில் கையெழுத்தும், 'சொ' தாளில் எழுத்துப் பிழையும் தெரியும். பிள்ளைக்கு எழுத வருகிறதா என்பது 'தா' தாளில்தான் இருக்கிறது. நூலில் தொங்குவதில் முக்கால்வாசி 'பா' என்றால், பிள்ளை எழுதவில்லை, நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்ற வேண்டியது நாம்தான்.

5. மாதத்துக்கு ஒரு தடவை, பிள்ளை சத்தமாக வாசிப்பதை ஒரு நிமிடம் செல்போனில் பதிவுசெய்யுங்கள். பதிவுக்கு 2026-01-15 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைத்தால், தேடாமலே வரிசையாக நிற்கும். வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணுக்கே அனுப்பி வைத்தால் தேடுவது இன்னும் சுலபம்.

6. ஒவ்வொரு தடவையும் அதே பத்தியை வாசிக்கச் சொன்னால் பிள்ளைக்கு மனப்பாடமாகிவிடும்; நமக்குத்தான் ஏமாற்றம். அதே அளவு கடினமுள்ள, இதுவரை பார்க்காத பத்தி ஒன்றைக் கொடுங்கள்.

7. வாசிக்கும்போது தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். தானே திரும்பிப்போய்ச் சரியாக வாசித்துவிட்டால் அதைத் தவறு கணக்கில் சேர்க்காமல், ஒரு டிக் போடுங்கள். தன் பிழையைத் தானே பிடிக்கிற பிள்ளை பொருள் புரிந்து வாசிக்கிறது.

8. வாசிக்கப்போகும் பக்கத்தை முன்பே போட்டோ எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தடுக்கிய சொல்லைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் போதும். பிள்ளையின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், நன்றாக வாசிக்கிற பிள்ளையும் தடுமாறும்.

9. எத்தனை தவறு என்பதைவிட எந்த மாதிரித் தவறு என்று பாருங்கள். முதல் எழுத்தையும் படத்தையும் பார்த்து 'குதிரை'யைக் 'குரங்கு' என்று வாசித்தால், அது ஊகிக்கிறது; படமில்லாத வரிகளைக் கொடுங்கள். 'கு-தி-ரை' என்று எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டு முழுச்சொல் வராமல் நின்றால், எழுத்து தெரியும், சேர்க்க வரவில்லை. புது எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, தெரிந்த எழுத்துகளில் வரும் சின்னச் சொற்களை நிறைய வாசிக்க வையுங்கள். வரியை விட்டுத் தாண்டுகிறது என்றால், ஒரு அட்டைத் துண்டை வரிக்குக் கீழே நகர்த்தச் சொல்லிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே மருந்தாக 'இன்னும் பத்துத் தடவை படி' என்பது வீண் வேலை.

10. 'வந்தது' என்று அச்சில் இருப்பதை 'வந்துச்சு' என்று வாசித்தால் மனதுக்குள் சந்தோஷப்படுங்கள். எழுத்தைத் தாண்டி அர்த்தத்தைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எழுதும்போதும் அப்படியே எழுதினால் மட்டும் கவனித்தால் போதும்.

11. 247 எழுத்துக்கும் அட்டவணை ஒட்டி ஒவ்வொன்றாக டிக் அடிப்பது பொழுதைத் தின்னும். உயிர் 12, மெய் 18, ஆய்தம், கால், கொம்பு, விசிறி போன்ற குறிகள் தெரிந்தால் மீதி பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஆனால் கு, சு, டு, மு, ரு என்று உகர வரிசையும், கூ, சூ, டூ என்று ஊகார வரிசையும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அந்த இரண்டு வரிசையை மட்டும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்; புழக்கத்தில் இல்லாத ஙு, ஙூவை விட்டுவிடலாம்.

12. குறில் நெடில் தடுமாற்றம் பார்க்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளைச் சீட்டு அளவுக்கு வெட்டுங்கள். படு-பாடு, விடு-வீடு, குடை-கூடை, எடு-ஏடு, கொடு-கோடு என்று ஒரு அட்டைக்கு ஒரு சொல்லாக எழுதிக் கலைத்து வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்த அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுத் தனியாக வையுங்கள். அந்தக் கட்டு மெலிந்துகொண்டே வருகிறதா என்பதுதான் கணக்கு.

13. ல-ள-ழ, ர-ற, மூணு சுழி ண, ரெண்டு சுழி ன, இவையெல்லாம் வாசிப்பில் அவ்வளவாகத் தொந்தரவு தராது, எழுத்தில்தான் படுத்தும். பிள்ளை திரும்பத் திரும்பத் தப்பாக எழுதும் சொற்களை மட்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தானாக எழுதும் தாளில் ஒரு சொல் தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால், பிள்ளையையே அடிக்கச் சொல்லுங்கள். அந்த அடிக்கிற சந்தோஷத்துக்காகவே கவனமாக எழுதும்.

14. மளிகை லிஸ்டை பிள்ளை எழுதட்டும். நீங்கள் சொல்லச் சொல்ல துவரம்பருப்பு, வெந்தயம், பெருங்காயம், கடுகு. கடைக்காரர் திருப்பிக் கேட்காமல் சாமான் கட்டிக்கொடுத்தால் எழுத்து பாஸ். விலை போட்டுத் திரும்பி வரும் சீட்டையும் நூலில் கோத்துவிடுங்கள். எந்த டிக்டேஷன் நோட்டும் இதற்கு ஈடாகாது.

15. சமையலறை டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலையையும் கொடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்துப் புதிதாக எழுதச் சொல்லி, பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ரசப்பொடி எடுக்கும்போதெல்லாம் முன்னேற்றம் கண்ணில் படும்.

16. சில்லறைக் காசுக்கு அஞ்சலட்டை கிடைக்கிறது. ஊரில் இருக்கும் ஆச்சிக்கோ அத்தைக்கோ மாதம் ஒன்று எழுதவைத்து, வந்ததைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். தபால் முத்திரையில் தேதி விழுந்திருக்கும். இடம் குறைவு என்பதால் பிள்ளையும் மலைக்காமல் எழுதும்.

17. வாசித்தது புரிந்ததா என்று பார்க்கக் கேள்வி-பதில் வேண்டாம். "தாத்தாவுக்குப் போன் போட்டு இந்தக் கதையைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யார் வந்தார்கள், என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்று மூன்றும் வந்தால் மூன்று டிக். நடுவில் தாத்தா "ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று கேட்பார் பாருங்கள், அதற்கு வரும் பதில் நாம் கேட்கும் பத்துக் கேள்விக்குச் சமம்.

18. பொதுவான அளவுகோல் வேண்டுமென்றால், பிரதம் அமைப்பு 2005 முதல் கிராமம் கிராமமாக நடத்தும் ஏசர் ஆய்வின் வாசிப்புத் தாள் தமிழிலும் இருக்கிறது, செலவில்லை. எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று நாலே படி. பத்தியில் தொடங்குங்கள், தடையில்லாமல் வாசித்தால் கதைக்குப் போகலாம், தடுமாறினால் சொல்லுக்கு இறங்கலாம். ஐந்து சொல்லில் நாலு சரியாக வந்தால் அந்தப் படி தேறியது. நாலைந்து நிமிட வேலை என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் செய்தால் அதுவும் பரீட்சையாகிவிடும்.

19. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். வகுப்பைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் இந்த முறை நமக்கும் தோது. வாசிப்புக்கு ஒரு பூ, எழுத்துக்கு ஒரு பூ என்று தனித்தனியாக வரைந்துகொள்ளுங்கள். வாசிப்பில் மலரும் எழுத்தில் மொட்டுமாக இருப்பது சகஜம்தான், பதற வேண்டாம்.

20. அரசுப் பாடப்புத்தகங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தினப்பாடமாக வைக்காவிட்டாலும், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் நடுவே ஒரு பாடத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அச்சு எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள், போன் திரையே போதும்.

21. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் ஏராளம், எல்லாம் இலவசம். ஒவ்வொரு கதைக்கும் 1 முதல் 4 வரை நிலை போட்டிருப்பார்கள். பிள்ளை வாசித்து முடித்த கதையின் நிலை எண்ணை மட்டும் நோட்டில் தேதியோடு குறியுங்கள். 1, 1, 1, 2, 1, 2, 2 என்று ஏறி இறங்கிப் போகும், அது இயல்பு.

22. நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. 2021-ல் வந்த நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்புக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்புக்குக் குறைந்தது 60 சொல் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் 'படித்துக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே சொல்லில் 14 எழுத்து இருக்கிறதே! ஆங்கிலத்தில் அத்தனை எழுத்துக்குள் இரண்டு மூன்று சொல் அடங்கிவிடும். அதனால் ஆங்கில வேகத்தோடு தமிழ் வேகத்தை ஒப்பிடாதீர்கள். தமிழை முந்தைய மாதத் தமிழோடு ஒப்பிட்டால் போதும். வேகம் கூடி, கதை சொல்லத் தெரியாமல் போனால் அதில் லாபமில்லை.

23. பீரோ கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, வாசித்த புத்தகங்களின் பெயரைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பாதியில் விட்ட புத்தகத்தையும் எழுத வேண்டும், பக்கத்தில் ஒரு கோடு போட்டு. எதை விட்டது என்று பார்த்தால், கடினமா அலுப்பா என்று நமக்குப் பிடிபடும்.

24. கிளை நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் புத்தகச் செலவு மிச்சம். எடுத்த தேதி, திருப்பிய தேதி குறித்தாலே வாசிப்புக் கணக்கு பாதி முடிந்தது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் பக்கம் போகிறவர்கள் குழந்தைகள் பிரிவில் பிள்ளையை விட்டுவிட்டு, எந்த அலமாரிக்குத் தானாகப் போகிறது என்று மட்டும் பாருங்கள். பரிந்துரைக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

25. பரணில் இருக்கும் தாத்தா காலத்துப் பத்திரிகையைக் கொடுத்தால் பிள்ளை லை, னை, ணா, றா போன்ற எழுத்துகளில் நின்றுவிடும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அவற்றின் உருவம் வேறு. அதைத் தவறு கணக்கில் சேர்க்காமல், துதிக்கை வைத்த அந்தப் பழைய எழுத்துகளைக் காட்டிக் கதை சொல்லுங்கள்.

26. பிள்ளை தானாக எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்து கேட்டால் சொல்லிவிடுங்கள். 'நீயே யோசி' என்றால் யோசனை அறுந்துபோகும். கேட்ட சொல்லைச் சீட்டில் குறித்துக்கொண்டால் அதுதான் அடுத்த வாரச் சொல் பட்டியல். தனியாகப் பட்டியல் தேட வேண்டியதில்லை.

27. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளை எடுத்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். ஒரு தடவை சொற்களுக்கு நடுவே இடைவெளி, அடுத்த தடவை மெய்யெழுத்தின் புள்ளி, அதற்கடுத்து முற்றுப்புள்ளி. க், ச், த், ப் மிகுமா மிகாதா என்பதைப் பெரியவர்களாகட்டும், பார்த்துக்கொள்ளலாம்; நமக்கே அது தகராறு.

28. ஆங்கிலத்துக்குத் தனி நூல், தனி நோட்டு. இரண்டையும் ஒரே பக்கத்தில் கணக்குப் போட்டால் ஒன்றின் தாமதம் மற்றதை மறைத்துவிடும். பி-யையும் டி-யையும் திருப்பி எழுதுவது ஆறேழு வயது வரை பல பிள்ளைகளுக்கு இருப்பதுதான்.

29. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆணியும் எதிரெதிர் சுவரில் இருக்கட்டும். அக்காவின் பழைய தாளை எடுத்து 'உன் வயசுல இவ இப்படி எழுதினா' என்று தம்பிக்குக் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அவனவன் பழைய தாளை அவனவனே பார்க்கட்டும்.

30. தினமும் டைரி எழுதுவேன் என்று சபதம் எடுக்காதீர்கள். புதிதாக நடந்ததை மட்டும் ஒரு வரி: 'பஸ் போர்டைத் தானே வாசித்தான்', 'பிஸ்கட் பாக்கெட்டில் தேதி தேடினாள்'. எதுவும் எழுதாத வாரம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

31. கை வலிக்கிறது என்று பிள்ளை சொல்வதையும் குறித்து வையுங்கள். எழுத்து தெரிந்தும் நாலு வரிக்கு மேல் போகாத பிள்ளைக்குப் பயிற்சி வேண்டியது விரலுக்கு. சப்பாத்தி மாவு பிசைவது, பூக்கட்டுவது, பட்டாணி உரிப்பது எல்லாம் கைகொடுக்கும். அதுவரை பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அந்தத் தாளுக்கு மூலையில் 'அம்மா' என்று குறி.

32. புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனாலோ, வரி தாவிக்கொண்டே இருந்தாலோ, திட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சரியாகக் காதில் விழாததால் எழுத்து தப்பாக வரும் பிள்ளைகளும் உண்டு. கண், காது இரண்டும் சரி, ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் ஏழெட்டு வயதில் எழுத்து மனதில் நிற்கவே இல்லை என்றால், டிஸ்லெக்சியா தெரிந்தவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. தேதியோடு கோத்த தாள்களையும் குரல் பதிவுகளையும் எடுத்துப்போனால், வாயால் விளக்குகிற நேரம் மிச்சமாகும்.

33. பின்னால் சான்றிதழ் வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி என்று மூன்று நிலை. 3, 5, 8-ம் வகுப்புக்குச் சமம். அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது ஆகியிருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் நகலையும், வருடத்துக்கு இரண்டு எழுத்து மாதிரியையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு வைத்தால் கடைசி நேர ஓட்டம் இல்லை.

34. விஜயதசமி அன்று நூலைக் கழற்றிப் பிள்ளையோடு உட்கார்ந்து எல்லாத் தாளையும் பாருங்கள். மாதத்துக்கு ஒன்றாக 12 தாளைப் பிள்ளையே பொறுக்கட்டும். நீங்கள் பொறுக்குவதும் அது பொறுக்குவதும் ஒன்றாக இருக்காது, ஏன் என்று கேளுங்கள். மீதியெல்லாம் பழைய பேப்பர் கடைக்கு. ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் பல வருடத்துத் தாள் அடங்கிவிடும்.

35. போன் மாற்றும்போது பறிபோவது இந்தக் குரல் பதிவுகள்தான். அதே விஜயதசமியன்று பதிவுகளையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பெட்டிமேல் வருடத்தை எழுதும் வேலை பிள்ளையுடையது.